ஆன்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டதா? முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள்

போன மாதம் நீடாமங்கலத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், லேப்டாப்பை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு மன்னார்குடியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தம்பி, அஞ்சு வைரஸ் உள்ள புகுந்துடுச்சாம். சந்தா முடிஞ்சுபோச்சு, இன்னைக்குள்ள பணம் கட்டலேன்னா எல்லாம் அழிஞ்சுடும்னு வருது."

திறந்து பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி. அதில் பேர்போன ஆன்டிவைரஸ் ஒன்றின் பெயர், கீழே 'ரினியூ நவ்' என்று ஒரு பொத்தான்.

"சார், இந்த ஆன்டிவைரஸ் எப்ப வாங்கினீங்க?"

"நான் எங்க வாங்கினேன்? எல்லாம் பேரன் போட்டுக் கொடுத்ததுதான்."

பேரன் போட்டிருந்தது வேறொன்று. சிவப்புப் பெட்டி சொன்ன ஆன்டிவைரஸ் அந்த லேப்டாப்பில் இருக்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், பேரன் போட்டதன் சந்தாவும் நிஜமாகவே நாலு மாதத்துக்கு முன்பு முடிந்திருந்தது. பொய் எச்சரிக்கை கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. உண்மையான எச்சரிக்கையோ கடிகாரத்துக்குப் பக்கத்தில் கடுகளவு ஆச்சரியக்குறியாக, யாரும் பார்க்காமல் கிடந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதி வேலை ஒரு மணி நேரம்தான். அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

சந்தா முடிந்தால் என்ன ஆகும், என்ன ஆகாது

கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளாது. கல்யாண போட்டோவும் டேலி கணக்கும் அழியாது. எந்த ஆன்டிவைரஸும் 'பணம் கட்டாவிட்டால் ஃபைலை அழிப்பேன்' என்று சொல்லாது. அப்படிச் சொன்னால் அது ஆன்டிவைரஸே இல்லை.

நின்றுபோவது, புது வைரஸ்களின் பட்டியல் வருவதுதான். பஸ் ஸ்டாண்டில் 'திருடர்கள் ஜாக்கிரதை' என்று போட்டோ ஒட்டிய போர்டு பார்த்திருப்பீர்கள். ஆன்டிவைரஸ் கிட்டத்தட்ட அந்த போர்டை வைத்துக்கொண்டுதான் காவல் காக்கிறது. ஒரு புரோகிராம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவதும் உண்டு. தினமும் பல தடவை புதுப்போட்டோக்கள் வந்து ஒட்டப்படும். சந்தா முடிந்த நாளிலிருந்து புதிதாக எதுவும் வராது. பழைய திருடன் வந்தால் இன்னும் மாட்டுவான். நேற்று தொழிலுக்கு வந்தவன் சாவகாசமாக உள்ளே போவான்.

இதிலும் எல்லா ஆன்டிவைரஸும் ஒரே மாதிரி இல்லை. சில, பழைய பட்டியலோடு காவலைத் தொடரும். சில, காவலையே நிறுத்திவிட்டு 'ரினியூ பண்ணுங்கள்' என்று நினைவூட்டுவதோடு சரி. கூடவே கொடுத்திருந்த ஃபயர்வால், வி.பி.என்., பாஸ்வேர்டு பெட்டி, குழந்தைகளுக்கான கட்டுப்பாடு எல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளலாம். முதல் நாளே ஒன்றும் நடந்துவிடாது. நாள் போகப்போகத்தான் ஆபத்து ஏறும்.

எதற்கும் முன்னால் தேதியைப் பாருங்கள்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 'நேற்றுதான் லைசென்ஸ் கீ போட்டேன், இன்றைக்கு எக்ஸ்பயர்டு என்கிறது' என்று வரும் பழைய டெஸ்க்டாப்புகளில் நான் முதலில் பார்ப்பது திரையின் மூலையில் இருக்கும் தேதியைத்தான். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்பார்கள். அது செத்துவிட்டால், கரன்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி குழம்பினால் லைசென்ஸும் குழம்பும். பாதி வெப்சைட்டுகளும் திறக்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தால் 'காலாவதி' தானாகப் போய்விடும். இதற்காகப் புது லைசென்ஸ் வாங்கினவர்கள் இருக்கிறார்கள்.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது?

தேதி சரியாக இருக்கிறதா? அப்புறம் அந்தப் பெட்டியைத் தொடாமல், திறந்திருக்கும் குரோம், எட்ஜ் எல்லாவற்றையும் மூடுங்கள். பெட்டியின் ஓரத்தில் பிரவுசரின் பெயரோ ஏதோ ஒரு வெப்சைட் முகவரியோ சின்ன எழுத்தில் இருந்தால், அது ஆன்டிவைரஸ் அனுப்பியது இல்லை. எங்கோ ஒரு தளத்தில் 'அலவ்' என்று நீங்கள் அழுத்தியதன் பலன். வாத்தியார் பஞ்சாங்கம் பார்க்கப் போன ஒரு பக்கத்தில் அழுத்தியிருந்தார்.

எடுப்பது சுலபம். குரோமில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி நீக்குங்கள். வாத்தியார் லேப்டாப்பில் பதினோரு தளங்கள் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்ததும் சிவப்புப் பெட்டி போன இடம் தெரியவில்லை. ஐந்து நிமிட வேலை.

ஈமெயிலிலும் இதே கதை வேறு வேஷத்தில் வரும். 'உங்கள் ஆன்டிவைரஸ் தானாகப் புதுப்பிக்கப்பட்டது, இத்தனை ஆயிரம் ரூபாய் எடுத்துக்கொள்ளப்படும், வேண்டாம் என்றால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று ஒரு பில். பேசினால் 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்' என்பார்கள். அது தூரத்திலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டரை இயக்கும் ஆப். போட்டால் உங்கள் திரை அவர்கள் கையில். எந்த கம்பெனியும் பணம் திருப்பித்தர உங்கள் கம்ப்யூட்டருக்குள் வரவேண்டிய அவசியம் இல்லை. அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்குப் பேசவே வேண்டாம். உண்மையிலேயே பணம் போயிருக்கிறதா என்று பேங்க் பாஸ்புக்கிலோ ஆப்பிலோ பாருங்கள், போதும்.

இப்போது யார் காவல்?

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' என்ற பகுதிக்குப் போனால், இந்த நிமிடம் காவலில் இருப்பது யார் என்று பெயரோடு காட்டும். அங்கேயே 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்று ஒரு இணைப்பு உண்டு. அதைத் திறந்தால் எது ஆன், எது ஆஃப், எது காலாவதி என்று பட்டியலே வரும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் கூடவே வருகிறது, காசு கிடையாது. வெளி ஆன்டிவைரஸ் இருக்கும்வரை அது ஒதுங்கி இருக்கும். அது காலாவதியானாலோ, நீக்கப்பட்டாலோ, டிஃபென்டர் வழக்கமாகத் தானே எழுந்து வேலையைப் பிடித்துக்கொள்ளும். 'வழக்கமாக' என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆன்டிவைரஸ்கள் சந்தா முடிந்த பிறகும் இடத்தைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கும். வாத்தியார் லேப்டாப்பில் அதுதான் நடந்தது. பழையது வேலை செய்யவில்லை, டிஃபென்டரையும் உள்ளே விடவில்லை. நாலு மாதமாக வாசலில் ஆளே இல்லை.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகளில் சில இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. பல கடைகளின் பில்லிங் மெஷினும் அதுதான். அதில் 'டிஃபென்டர்' என்று ஒன்று இருக்கும், ஆனால் அது முழு ஆன்டிவைரஸ் இல்லை, உளவு மென்பொருளை மட்டும் பார்ப்பது. மைக்ரோசாஃப்ட் அந்த விண்டோஸையே 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கைவிட்டுவிட்டது. அதில் நெட் பேங்கிங் செய்ய வேண்டாம். முடிந்தால் நெட்டையே பிடுங்கிவிட்டு பில் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிஃபென்டரின் பட்டியல் மட்டும் அதில் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. காவலாளிக்குப் புதுப்போட்டோ வரும், ஆனால் சுவரில் ஓட்டை விழுந்தால் வழக்கம்போலப் பூச ஆள் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் அந்த மாதிரி ஓட்டை வழியாகத்தான் புகுந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆன்டிவைரஸுக்குக் காசு கட்டிவிட்டு விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைப்பவர்களை நினைத்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

காசு கட்டுவதா, விடுவதா?

கடைக்காரன் இதைச் சொல்லக்கூடாது, ஆன்டிவைரஸ் கீ விற்றால் எனக்கும் நாலு காசு வரும். இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் மெயில், யூடியூப், பிள்ளைகளின் படிப்பு என்று விண்டோஸ் 11-ல் ஓடுகிறவர்களுக்கு டிஃபென்டரே போதும். தினமும் பத்துப் பேர் பென்டிரைவ் வந்து போகும் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், ரைஸ் மில் கணக்கு மெஷின், வீட்டில் மற்றவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கட்டுப்படுத்த நினைப்பவர்கள், இவர்கள் காசு கட்டினால் தப்பில்லை.

கட்டுவதென்றால் அந்த மென்பொருளைத் திறந்து அதற்குள் இருக்கும் ரினியூ வழியாகவோ, கம்பெனியின் தளத்தை நீங்களே டைப் செய்து போயோ கட்டுங்கள். முதல் வருடம் சலுகை விலை, இரண்டாம் வருடம் முழு விலை என்பது இந்தத் தொழிலின் வழக்கம். அதனால் ரினியூவல் விலையைப் பார்த்துவிட்டு, கடையில் புது டப்பா விலையையும் விசாரியுங்கள். பல சமயம் புதுசு குறைவு. ஆனால் ரினியூவல் கீ வேறு, புது கீ வேறு. எதை வாங்கினாலும், மீதி நாள் சேருமா, போட்ட நாளிலிருந்து எண்ணுமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வாட்ஸாப்பில் அடிமாட்டு விலைக்கு வரும் கீ பாதி வருடத்திலேயே முடக்கப்படலாம். லைசென்ஸை உடைத்துத் தரும் 'கிராக்' பற்றிச் சொல்லவே வேண்டாம். பூட்டை உடைப்பவனிடமே காவலாளியை வாங்குகிற கதை.

பழையதை நீக்கும்போது

இங்கேதான் அவசரப்பட்டுத் தொலைக்கிறார்கள். நீக்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்த ஆன்டிவைரஸின் பாஸ்வேர்டு பெட்டியைப் பயன்படுத்தியிருந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். 'வால்ட்' என்று ரகசிய அறையில் ஃபைல் பூட்டியிருந்தால் திறந்து வெளியே நகர்த்துங்கள். சந்தேகப்பட்ட ஃபைல்களைத் தனியாகப் பூட்டி வைக்கும் 'குவாரன்டைன்' பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள். உங்கள் கணக்கு ஃபைல் எதையாவது அது தவறாகப் பிடித்து வைத்திருந்தால், நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடலாம். சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள், வைரஸையும் சேர்த்து வெளியே விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' வழியாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட். பெரும்பாலான கம்பெனிகள் மிச்சம் மீதியைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கும். ஐகான் போகாமல் அடம்பிடித்தால் அதை இறக்கி ஓட்டுங்கள். பழையது போகாமல் புதியதைப் போடாதீர்கள். ஒரே வாசலில் இரண்டு காவலாளி நின்றால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மெஷின் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடும்.

ரீஸ்டார்ட் ஆனதும் திரும்பவும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குப் போய் டிஃபென்டர் ஆனில் இருக்கிறதா பாருங்கள். 'புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்' என்பதற்குள் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். நெட் இல்லாத மெஷினுக்கு அதே பட்டியலை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தனி ஃபைலாக இறக்கிக் கொண்டுபோயும் போடலாம். பிறகு 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'ஃபுல் ஸ்கேன்'. சாப்பிடப் போகும் நேரத்தில் போட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும். அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம் ஆகும். கரன்ட் கட் நேரத்தில் செய்யாதீர்கள்.

கஜா புயல் ஞாபகம் இருக்கும், 2018 நவம்பர் 16. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. கரன்ட் வந்த அன்றைக்கு வந்த மெஷின்களில் லைசென்ஸ் எல்லாம் உயிரோடுதான் இருந்தது, பட்டியல் மட்டும் வாரக்கணக்கில் பழசு. நிவாரண விண்ணப்பம் அடிக்க வந்தவர்கள் பென்டிரைவை நேராகச் சொருகினார்கள். அன்றைக்குப் புரிந்தது: 'எத்தனை நாள் பாக்கி' என்பதை விட 'கடைசி அப்டேட் எப்போது' என்ற வரிதான் முக்கியம். போன் ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்ட்' (டேட்டாவுக்கு அளவு உள்ள இணைப்பு) என்று குறித்து வைத்திருந்தால் இன்றைக்கும் பல அப்டேட்டுகள் தள்ளிப்போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் மாதத்துப் பென்டிரைவ்

எங்கள் ஊரில் வைரஸுக்கும் ஒரு போகம் உண்டு. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் என்று மொத்த வட்டாரமும் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கும். ஒரே மெஷினில் நூறு பென்டிரைவ் ஏறி இறங்கும். அந்த மெஷினின் சந்தா முடிந்திருந்தால், சாயங்காலத்துக்குள் அது ஊருக்கே பந்தி பரிமாறிவிடும்.

அடையாளம் இது: பென்டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாகத் தெரியும். உடனே ஃபார்மட் பண்ணாதீர்கள். ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேதான் மறைந்து உட்கார்ந்திருக்கும். அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாமல் முதலில் ஸ்கேன், பிறகு எக்ஸ்புளோரரில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்து பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் சிஸ்டம் ஃபைல் என்று குறித்து இன்னும் ஆழமாக மறைத்திருக்கும், சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முடிந்தால் பென்டிரைவே வேண்டாம், பி.டி.எஃப். ஆக மெயிலில் அனுப்பி பிரின்ட் எடுங்கள்.

கணக்கு மெஷின் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு நாள் டேலி டேட்டாவை வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் காப்பியும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிவிட்டால் பணம் அனுப்புவதற்கு முன், ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் போன்றவை 2016-ல் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அந்த வகைக்குச் சாவி இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றுக்கும் இருக்காது, சிலவற்றுக்கு இருக்கும்.

தானாகப் போகும் பணம், தப்பிப்போன பணம்

புது லேப்டாப்போடு வரும் டிரையல் ஆன்டிவைரஸுக்குக் கார்டு எண் கொடுத்திருந்தால் அது வருடா வருடம் தானாக எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் பேங்க் விதிப்படி 2021 அக்டோபரிலிருந்து இந்த மாதிரித் தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ். வந்தால் படியுங்கள். வேண்டாம் என்றால் அதிலேயே நிறுத்த வழி இருக்கும். யு.பி.ஐ.யில் கொடுத்திருந்தால் ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியில் ரத்து செய்யலாம். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் பிடித்தம் நிற்காது, பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

போலி ஆளிடம் ஏற்கெனவே எனிடெஸ்க் எண் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட நேரம் இல்லை. முதலில் நெட்டைத் துண்டியுங்கள், மோடத்தையே ஆஃப் செய்யுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குப் பேசிக் கணக்கை முடக்குங்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், நாடு முழுக்க இணையப் பண மோசடிக்கு இதுதான் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு. பாஸ்வேர்டுகளை வேறொரு மெஷினில் மாற்றுங்கள்.

வாத்தியார் லேப்டாப்பில் பழையதை நீக்கி, டிஃபென்டரை எழுப்பி, ஃபுல் ஸ்கேன் போட்டுவிட்டு அவரை டீ குடிக்க அனுப்பினேன். திரும்பி வந்தபோது திரையில் ஒரே ஒரு வரி. இரண்டு மாதத்துக்கு முன் ஏதோ பென்டிரைவிலிருந்து வந்து உட்கார்ந்தது. நீக்கினேன்.

"அஞ்சுன்னானே?"

"அவன் சொன்ன அஞ்சும் பொய், சார். இது ஒண்ணுதான் நிஜம்."

மஞ்சப்பையில் லேப்டாப்பை இறக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப இந்த ஒண்ணை ஏன் ஒருத்தனும் சொல்லல?"